பன்னிரண்டு மில்லியும் சம்பந்தி மரியாதையும்

எனக்கு மூக்கின் மேல் கோபம். இதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. முப்பத்தெட்டு வருஷம் டீசல் பம்ப் பிரித்து மாட்டியவன் நான். "பம்ப்ல ஒண்ணும் இல்ல, வேற எங்கயோ கோளாறு" என்று எனக்கே பாடம் நடத்த வந்த டிரைவர்களைப் பட்டறை வாசல்வரை விரட்டிவிட்டு வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட என் கோபம் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. அவர் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா.

பெண்ணைக் கொடுக்கிறவன் கூடவே தன் வாயையும் கொடுத்துவிடுகிறான். சம்பந்தி என்ன சொன்னாலும் "நீங்க சொன்னா சரிதாங்க" என்றுதான் என் வாயில் வரும். வேடிக்கை என்னவென்றால் அந்த மனிதரும் என்னிடம் அப்படியே. அவர் எடை, அளவு சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசில் ஒரு கிராம் குறைந்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணியவர். என்னைக் கண்டால் மட்டும், "நீங்க செஞ்சா தப்பு வருமாங்க சம்பந்தி" என்று குழைவார். இரண்டு வருஷமாக இப்படியே பூசி மெழுகிக்கொண்டு காலத்தை ஓட்டிவந்தோம்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் மினி பஸ் கரும்புகை கக்க ஆரம்பித்தது.

பஸ் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குவது. சம்பந்தி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை புகைப் பரிசோதனை. அதில் தோற்றால் தொழிற்சாலைக்காரர்கள் வேறு பஸ்ஸை வைத்துக்கொள்வார்கள். பஸ் போனால் மாப்பிள்ளையும் போய்விடுவார். எங்கேயோ மூன்று நாள் பயணத்தில் இருக்கும் சுரங்கக் கம்பெனியிலிருந்து, மண் வாரும் பெரிய மெஷின் ஓட்ட வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. இரண்டு வருஷ வேலை. அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவதாகச் சம்பந்தி என் காதில் போட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டில் நான் ஒருத்தன்தான். இரண்டு தெரு தள்ளிச் சம்பந்தி வீட்டில் மகள் இருக்கிறாள். தினம் சாயங்காலம் போய் உட்காருவேன். டீ கொடுப்பாள், சட்டையில் பட்டன் இல்லை என்று திட்டுவாள், நான் திரும்பி வருவேன். என் நாளில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். மாப்பிள்ளை போய் அவள் இங்கே ஒற்றையாக நிற்பதையும் என்னால் பார்க்க முடியாது. அவளும் கூடப் போய்விடுவாளோ என்ற நினைப்பை நான் பக்கத்திலேயே சேர்க்கவில்லை.

புகைக்குக் காரணம் எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்ப்தான். ஊரில் பம்ப் அளவு பார்க்கும் பெஞ்ச் ஒன்றுதான் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பத்து நாள் வெளியூர். "பெஞ்ச் எதுக்குங்க? நான் இருக்கேன்ல" என்று சொல்லி, திங்கட்கிழமை காலை பம்பைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சம்பந்தியம்மா மேஜை விரிப்பை உருவிக்கொண்டு உள்ளே போனவர் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

பம்ப் என்பது பெரிய சூத்திரமில்லை. நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு உள்ளே நாலு எலிமெண்ட். விரல் கனத்தில் ஓர் இரும்புத் தண்டு, அது போய்வர ஓர் உறை. தண்டும் உறையும் பிறந்ததிலிருந்து ஜோடி. மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது. பழையதை எறிந்துவிட்டு நாலு புது ஜோடி வாங்கி வந்து, சுத்தமான டீசலில் அலசி, நாலு தட்டில் வைத்தேன். மாப்பிள்ளை உதவ வந்து முதல் வேலையாக இரண்டைக் கலந்துவிட்டார். அந்தப் பக்கமாகத் துணி எடுத்துப்போன என் மகள் நின்று, தண்டை உறையில் செருகிப் பார்த்து, சரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனாள். என் பட்டறையில் தவழ்ந்தவள்.

கோர்ப்பது என் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. திங்கள் சாயங்காலத்துக்குள் முடிந்தது. பிறகு வருவதுதான் நிஜமான வேலை. நாலு எலிமெண்டும் ஒரே அளவு டீசல் தள்ள வேண்டும். ஒன்று கூடத் தள்ளினால் புகை, குறைத்துத் தள்ளினால் எஞ்சின் உதறும். வெல்டிங் கடையில் பெரிய டிரில்லிங் மெஷின் கேட்டு வாங்கி, மேஜையோடு சேர்த்து முடுக்கி, அதை வைத்துப் பம்பைச் சுற்றவிட்டேன். டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டர், அவற்றின் கீழே மில்லிக் கோடு போட்ட நாலு கண்ணாடிக் குழாய். குழாய்களும் ஸ்டாப்வாட்சும் சம்பந்தியுடையவை. இருநூறு சுற்றுக்கு ஒவ்வொரு குழாயிலும் பன்னிரண்டு மில்லி விழ வேண்டும். கூடினால் குறைக்க, குறைந்தால் கூட்ட, ஒவ்வோர் எலிமெண்டிலும் ஸ்லீவ் என்று ஒரு வளையம் உண்டு. ஸ்க்ரூவைத் தளர்த்தி அதை மயிரிழை திருப்ப வேண்டும். திருப்புவது நான், அளவு படிப்பது அவர் என்று ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஓட்டம். சம்பந்தி ஸ்டாப்வாட்சை அமுக்கி, "நிறுத்துங்க" என்றார். நுரை அடங்கக் காத்திருந்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, கண்ணைக் குழாய்க்கு நேராக வைத்து, தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தார்.

"ஒண்ணாவது பன்னெண்டு. ரெண்டாவது பன்னெண்டு. மூணாவது..." கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "அதுவும் பன்னெண்டுதாங்க. நாலாவது பன்னெண்டு."

மூன்றாவதில் இருந்தது பதினொன்று. நான் நின்ற இடத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. இந்த மனிதருக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தேன். அளவு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அதுவும் அவர் மகன் பக்கத்தில் நிற்கும்போது, "தப்பாப் படிக்கிறீங்க" என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதாங்க சம்பந்தி" என்றேன். மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, "சரிங்க மாமா" என்றார். அவருக்குத் தெரிந்த வாக்கியமே அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி குளிக்கப் போனார். நான் சந்தடியில்லாமல் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மூன்றாவது ஸ்லீவை ஒரு மில்லி கூடும்படி திருப்பி வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தேன். சாயங்காலம் இரண்டாவது ஓட்டம்.

மூன்றாவதில் பதின்மூன்று.

"பன்னெண்டு," என்றார் சம்பந்தி. "கொஞ்சம் தாராளமாப் பன்னெண்டு."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு மில்லி கூட்டினால் இரண்டு மில்லி எப்படிக் கூடும்? மறுநாள் காலை அவர் நடக்கப் போன நேரம் பார்த்து வந்து ஒரு மில்லி குறைத்தேன். ஓட்டினோம். பதினொன்று. கூட்டினேன். பதின்மூன்று. அன்றே ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் புது ஸ்பிரிங் போட்டேன். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அதை மாற்றினேன். மறுபடி ஒரு மில்லி குறைத்தேன். வியாழன் காலை பதினொன்று. முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பம்ப் என்னை ஆட்டிவைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் குனிந்து, கண் கொட்டாமல் பார்த்து, "பன்னெண்டுதாங்க" என்பார். எனக்கு அந்தக் குழாயை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருக்கும். "ரொம்ப சந்தோஷங்க" என்பேன்.

வியாழன் மதியம் எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள்தான் பாக்கி. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அளவு வைத்து முடித்த ஸ்க்ரூவின் மேல் குறுக்காகப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுவோம். யாராவது தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்டுக்கு எங்கே போவது? அலமாரியில் என் மகளின் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. மூன்றாவதை ஒரு மில்லி கூட்டிவிட்டு, எண்ணெயைத் துடைத்து, நாலிலும் நாலு கோடு இழுத்தேன். என் கை நடுக்கத்தில் கோடுகள் கொஞ்சம் கோணல். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடினேன்.

நாலு மணிக்கு மூடியைத் திறந்தால் மூன்றாவது கோடு இரண்டாக உடைந்து கிடந்தது. ஸ்க்ரூத் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல் வேறு. தொழில் தெரிந்த எவனும் அப்படிக் கீற மாட்டான்.

எத்தனை நாளைக்குத்தான் அடக்குவது? இரண்டு வருஷத்துக் கோபம் மொத்தமாகக் கிளம்பி வந்தது.

"சம்பந்தி," என்றேன். "மூணாவது ஸ்லீவைத் தொட்டீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது..."

"தொட்டீங்களா, இல்லையா?"

"லேசாங்க. ஒரு நூலளவு."

"எத்தனை தடவை?"

விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு."

"அப்போ பதினொண்ணுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. பன்னெண்டுன்னு ஏன் வாசிச்சீங்க?"

"உங்க கைவேலையில குறைன்னு என் பையன் முன்னாடி எப்படிங்க சொல்றது?" அவர் குரலும் உயர்ந்தது. "சர்வீஸ்ல ஒரு நாள்கூடப் பொய்க் கணக்கு வாசிச்சவன் இல்ல நான். உங்க மரியாதைக்காக வாசிச்சேன். நீங்க தூங்கறப்போ, வீட்டுக்குப் போனப்போ திருத்தி வச்சேன். அது சரி, குழாயை நீங்களும்தானே பாத்தீங்க? உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சரின்னீங்க?"

"இன்ஸ்பெக்டருக்குப் படிக்கத் தெரியலைன்னு சொல்லவா? நானும் நீங்க இல்லாத நேரம் பாத்துத் திருப்பினேன்."

"நீங்களுமா? எத்தனை?"

"அஞ்சு."

இருவரும் திருதிருவென்று விழித்தோம். ஆளுக்கு ஒரு மில்லி கூட்டி, ஆளுக்கு ஒரு மில்லி குறைத்து, மூன்று நாளாக அந்தப் பாவப்பட்ட ஸ்லீவைப் பந்தாடியிருக்கிறோம். நான் புது ஸ்பிரிங் வேறு போட்டிருக்கிறேன்.

முதலில் சிரித்தது அவர்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்றதுன்னு ஆயிடுச்சு, இதையும் சொல்லிடறேன். நீங்க டீயை உறிஞ்சற சத்தம் எனக்கு ஆகவே ஆகாது" என்றார்.

"நீங்க ஒரு கதையை ஆரம்பிச்சா முடிக்கறதே இல்ல," என்றேன் நான். "அந்தத் தராசுக் கதை இருபது தடவை கேட்டாச்சு."

"இருபதாவது தடவையும் ரசிச்சுக் கேட்டீங்களே?"

"நடிச்சேன்."

சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாடா, ஒருவழியா சண்டை போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இருவருமாகச் சேர்ந்து மூன்றாவதை ஒரு மில்லி குறைத்து, ஓட்டினோம். சம்பந்தி குனிந்தார். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி வாசிப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். "மூணாவது பன்னெண்டு. சுத்தமாப் பன்னெண்டு. ரெண்டாவது, நாலாவது பன்னெண்டு. ஒண்ணாவது..." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பதினாலுங்க. நிஜமாவே பதினாலு."

செவ்வாயிலிருந்து ஒன்றாவது அசையவே இல்லை. பதினாலில் விட்டால் புகை சோதனையில் நிச்சயம் தோல்வி. மூடியைத் திறந்தேன். ஒன்றாவது கோடு உடையாமல் முழுசாக இருந்தது.

"நான் தொடலைங்க," என்றார் சம்பந்தி பதறிப்போய். "சத்தியமாங்க."

அவர் தொடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஸ்க்ரூவில் ஒரு கீறல் இல்லை. கோடு நேராக இருந்தது. என் கையால் போட்டது எப்படி நேராக இருக்கும்? விரலை வைத்தேன். ஒட்டியது. மற்ற மூன்றும் கல்லாகக் காய்ந்துவிட்டிருந்தன. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்ட கோடு. இந்தக் கோடு எதற்கென்று தெரிந்த ஆள், கீறாமல் ஸ்லீவ் திருப்பத் தெரிந்த ஆள், நகப்பூச்சுக் குப்பி வைத்திருக்கும் ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"பம்பை ஆற விடலாம், சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சிவந்த விரலைக் காட்டினேன். அவள் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா?" என்றேன். திட்டத்தான் போனேன். குரல் அப்படி வரவில்லை.

"அங்க குடும்பத்தோட இருக்க வீடு தர்றாங்கப்பா. நானும் கூடப் போகலாம். எனக்கும் அங்க ஆபீஸ்ல வேலை இருக்காம். ரெண்டு பேரும் போகணும்னு ஆறு மாசமா ஆசை."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"யார்கிட்ட சொல்ல? மாமா இருந்ததையெல்லாம் பஸ்ல போட்டுட்டார். அவர்கிட்ட இவரு எப்படிச் சொல்வாரு? நீங்க தினம் சாயங்காலம் வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. உங்ககிட்ட நான் எப்படிச் சொல்வேன்? பஸ் தானாத் தோத்துட்டா யார் மனசும் நோகாதுன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்களும் மாமாவும் மூணாவதைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தீங்க. அதுவே தோத்துடும்னு பேசாம இருந்தேன். இன்னைக்கு நீங்க கோடு போடறதைப் பாத்ததும், கண்டுபுடிச்சுச் சரி பண்ணிடுவீங்கன்னு பயந்து ஒண்ணாவதைத் திருப்பினேன்."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. பயம்தான் வந்தது. பக்கத்தில் சேர்க்காமல் வைத்திருந்த அந்த நினைப்பு நேராக வந்து முன்னால் நின்றுவிட்டது. உள்ளே வந்தேன். ஒன்றாவது ஸ்லீவைத் திருப்பிப் பன்னிரண்டில் வைத்தேன். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பான அளவில் ஒரு பம்பை வெளியே அனுப்ப என் கை வராது. அது யாருக்காக இருந்தாலும் சரி.

அன்று இரவே பம்பைப் பஸ்ஸில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை காலை பரிசோதனை. மெஷின்காரர் எண்ணைச் சொல்வதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டு முள்ளைப் படித்து, "பாஸ்" என்று அறிவித்தார். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் பக்கத்தில் வந்து நின்றோம். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப் போயிருந்தது. "சரிங்க மாமா, ரொம்ப நன்றிங்க" என்றார். என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி," என்றேன். "முகத்துக்கு நேராச் சொல்றதுன்னு நேத்து ஆரம்பிச்சோம். இன்னொண்ணு பாக்கி இருக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் அந்தச் சுரங்க வேலைக்குப் போகணும். உங்க பஸ்ஸுக்காகப் பேசாம இருக்காங்க."

அவர் மகனைப் பார்த்தார். "அப்படியாடா?"

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்த கடிதத்தை வெளியே எடுத்தார். "ஆள் ஏத்தி இறக்கற வேலை எனக்குப் புடிக்கலப்பா. நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தீங்கன்னு ஓட்டினேன்."

"நானா ஆசைப்பட்டேன்? அந்த பஸ் கம்பெனி வாசல்ல நீதானேடா ஒரு மணி நேரம் ஏக்கமாப் பாத்துக்கிட்டு நின்ன?"

"மழைக்கு ஒதுங்கினேன்பா."

சம்பந்தி பஸ்ஸைப் பார்த்தார். தன் ஆயுளின் சேமிப்பு மொத்தமும் ஒரு மழைக்காக டயர் போட்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாஸ் சீட்டை மடித்துப் பையில் வைத்து, "இந்தச் சீட்டு கையில இருந்தா பஸ்ஸை ரூட்டோட வாங்கிக்க நாளைக்கே ஆள் வருவான். போய் அந்தக் கடுதாசிக்குப் பதில் எழுது" என்றார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் முன்னால் நடந்தார்கள். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, உங்களுக்குச் சந்தோஷந்தானே?"

"சந்தோஷம்மா" என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. இரண்டு வருஷப் பழக்கம்.

"இல்ல," என்றேன். "எனக்குக் கொஞ்சங்கூடப் புடிக்கல. நீ போயிட்டா சாயங்காலம் எனக்குப் போக ஒரு இடம் கிடையாது. ஆனாலும் நீ போகணும். போ."

அவள் பஸ் படியில் உட்கார்ந்து, கிரீஸ் படிந்த என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆறு மாசம் முன்னாடியே நீ கேட்டு, நான் இதையே சொல்லியிருந்தா," என்றேன் கடைசியில், "போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன்தான்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா உங்க பம்ப்ல கை வச்சிருக்க மாட்டேன்."